ஃபேத்தான் சிறுகோளும் ஜெமினிட் பொழிவும்: காவிரி டெல்டாவிலிருந்து பார்க்கவும் எண்ணவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தின் கடைசி நாட்களில், அதாவது டிசம்பர் 13, 14 ஆகிய தேதிகளையொட்டிய இரவுகளில், ஜெமினிட் என்னும் எரிநட்சத்திரப் பொழிவு உச்சத்தை அடைகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருப்பவர்கள் தொலைநோக்கி எதுவும் இல்லாமல் இதைப் பார்க்கலாம்; சற்றுப் பொறுமை இருந்தால், பார்த்தவற்றை எண்ணி, அறிவியலுக்குப் பயன்படும் பதிவாகவும் மாற்றலாம். வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள விரும்புவோருக்கு இடமும் நேரமும் பற்றிய பகுதிகளே போதும். ஆனால் இந்த ஒளிக்கீற்றுகளுக்கும், சூரியனைச் சுற்றிவரும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பாறைக்கும் உள்ள உறவைத் தன் கண்ணாலேயே சரிபார்க்க நினைப்பவர், முதல் படியிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

முதல் படி: எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

பெரும்பாலான எரிநட்சத்திரப் பொழிவுகளுக்கு வால்நட்சத்திரங்களே காரணம். பனியும் தூசியும் கலந்த வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகிறது; அதில் சிக்கியிருந்த துகள்கள் வெளியேறி, அதே பாதையில் நீண்ட ஓடையாகப் பரவுகின்றன. பூமி தன் சுற்றுப்பாதையில் அந்த ஓடையைக் கடக்கும் நாளில் துகள்கள் நம் வளிமண்டலத்தில் பாய்ந்து, ஏறத்தாழ 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து ஒளிர்கின்றன. ஆகஸ்ட் மாதத்துப் பெர்சீட் பொழிவுக்கு ஸ்விஃப்ட்-டட்டில், நவம்பர் மாதத்து லியோனிட் பொழிவுக்கு டெம்பிள்-டட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்நட்சத்திரம் அடையாளம் காணப்பட்டிருந்தது. ஜெமினிட் பொழிவு 1862-இலிருந்தே பதிவாகியிருந்தும், அதற்குரிய வால்நட்சத்திரம் மட்டும் நூறாண்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லை.

விடை 1983 அக்டோபர் 11 அன்று கிடைத்தது. ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் சைமன் கிரீன், ஜான் டேவிஸ் ஆகிய இருவரும் வேகமாக நகரும் ஒரு பொருளைக் கண்டார்கள். விண்கலத்தின் வழியாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். அமெரிக்க விண்ணியலாளர் ஃபிரெட் விப்பிள் அதன் சுற்றுப்பாதையைப் பார்த்ததுமே, அது ஜெமினிட் துகள்களின் பாதையோடு பொருந்துவதைச் சுட்டிக்காட்டினார். வால்நட்சத்திரத்தின் கரு அழுக்குப் பனிக்கட்டி போன்றது என்ற கோட்பாட்டை 1950-இல் முன்வைத்தவரே, வாலோ பனியோ புலப்படாத ஒரு பாறையை இந்தப் பொழிவின் தாய் என்று காட்ட நேர்ந்ததை விண்ணியல் வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அந்தப் பாறைக்கு 3200 என்ற எண்ணும், கிரேக்கக் கதையில் சூரியனின் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டிய மகனின் பெயரான ஃபேத்தான் என்பதும் சூட்டப்பட்டன. பொருத்தமான பெயர்தான். ஃபேத்தான் சூரியனுக்கு 2.1 கோடி கிலோமீட்டர் அருகே வரை செல்கிறது. புதன் கோள் மிக நெருங்கும்போதும் 4.6 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கிறது. மறுமுனையில் செவ்வாயின் பாதையையும் தாண்டி, சிறுகோள் பட்டைக்குள் ஏறத்தாழ 36 கோடி கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் 1.43 ஆண்டுகள். சூரியனை நெருங்கும் நாட்களில் அதன் மேற்பரப்பு 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்து, பிறகு குளிர்கிறது.

இவ்விடத்தில் வாசகருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: ஃபேத்தான் 1.43 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்றால், பொழிவு மட்டும் ஆண்டு தவறாமல் ஏன் வருகிறது? துகள்கள் ஃபேத்தானைச் சுற்றி மட்டும் திரண்டு நிற்கவில்லை என்பதே காரணம். நெடுங்காலத்தில் அவை பாதை முழுவதும் பரவிவிட்டன. பூமி தன் பாதையில் அதே இடத்துக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் வருகிறது. சிறுகோள் அப்போது எங்கே இருந்தாலும் ஓடை அங்கே இருக்கிறது. ஃபேத்தானே அருகில் வருவது அரிது: 2017 டிசம்பர் 16 அன்று 1.03 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது ரேடார் மூலம் அதைப் படம் பிடித்தார்கள். 2093 டிசம்பர் 14 அன்று ஏறத்தாழ 30 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடக்கும். நம் காலத்தில் அதனால் பூமிக்கு ஆபத்து இல்லை.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியாகாது. பாறை எப்படி இவ்வளவு துகள்களை உதிர்த்தது? 2009, 2012 ஆண்டுகளில் ஃபேத்தான் சூரியனை நெருங்கியபோது, சூரியனைக் கண்காணிக்கும் ஸ்டீரியோ விண்கலம் அது திடீரெனப் பிரகாசமடைந்து சிறு வால் காட்டியதைப் பதிவு செய்தது. வெப்பத்தில் பாறை வெடித்துத் தூசி கிளம்புகிறது என்று அப்போது கருதினார்கள். 2023-இல் வெளியான ஆய்வொன்று, சூரியனைக் கண்காணிக்கும் மற்றொரு விண்கலமான சோஹோவின் படங்களைக் கொண்டு, அந்த வால் தூசியால் ஆனதன்று, ஆவியாகும் சோடியத்தால் ஆனது என்று காட்டியது. ஜெமினிட் துகள்கள் பலவற்றில் சோடியம் குறைந்து காணப்படுவதோடு இது இசைகிறது. ஆனால் சோடியம் ஆவியாவதால் மட்டும் இவ்வளவு பெரிய ஓடை உண்டாகியிருக்க முடியாது. பார்க்கர் சூரிய விண்கலம் தந்த தரவுகளை வைத்து அதே 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மெதுவான உதிர்வைக் காட்டிலும், மோதலோ வெடிப்போ போன்ற வன்மையான ஒரு நிகழ்வே ஓடையை உண்டாக்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது. ஜப்பானின் விண்வெளி நிறுவனம் டெஸ்டினி பிளஸ் என்ற விண்கலத்தை ஃபேத்தான் அருகே அனுப்பத் திட்டமிட்டிருப்பதும் இந்தக் கேள்விக்காகத்தான்.

இரண்டாம் படி: இரவைத் தேர்ந்தெடுத்தல்

நிலவு இரவு முழுவதும் இருந்தால் மங்கலான எரிநட்சத்திரங்கள் எல்லாம் மறைந்துபோகும். 2026-இல் டிசம்பர் 9 அமாவாசை. ஆகவே 13-ஆம் தேதி வளர்பிறை நிலவு இரவு பத்து மணிக்குள்ளும், 14-ஆம் தேதி பத்தரை மணியையொட்டியும் மறைந்துவிடும். அந்த ஆண்டின் உச்சம், இந்திய நேரப்படி 14-ஆம் தேதி முன்னிரவில் அமைகிறது. எனவே 14 விடியற்காலை, 14 நள்ளிரவு முதல் 15 விடியற்காலை வரை ஆகிய இரண்டுமே நல்ல வேளைகள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் இரண்டாவதைச் சொல்வேன். உச்சம் கடந்ததும் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தாலும், பிரகாசமானவற்றின் பங்கு கூடுகிறது. 2027-இல் டிசம்பர் 13 பௌர்ணமி என்பதால் அந்த ஆண்டில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2028-இல் அமாவாசை டிசம்பர் 16. வானம் இருட்டாக இருக்கும்.

நிலவைவிட நமக்குப் பெரிய தடை மேகம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவில் முற்றிலும் ஓய்ந்திருக்காது. வங்கக்கடலில் தாழ்வு நிலை ஒன்று உருவானால் டெல்டா முழுவதும் மூன்று நான்கு நாட்கள் மூடிக்கிடக்கும். அதனால் ஓர் இரவை மட்டும் நம்பாமல் 12 முதல் 15 வரை நான்கு இரவுகளையும் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, கிழக்கே கடல்மேல் மேகக்கூட்டம் நகர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள். மழை விட்டு, வறண்ட வாடைக்காற்று வீசத் தொடங்கிய இரவு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தூசி கழுவப்பட்ட அந்த வானம் கோடைக்கால வானத்தைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: நேரத்தைக் கணித்தல்

ஜெமினிட் எரிநட்சத்திரங்கள் எல்லாம் மிதுன ராசியில், காஸ்டர் நட்சத்திரத்துக்கு அருகிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து புறப்படுவதுபோல் தோன்றும். காஸ்டர், போலக்ஸ் என்ற அந்த இரட்டையைத்தான் நாம் புனர்பூசம் என்கிறோம். இந்தத் தோற்றப் புள்ளி வானில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே எண்ணிக்கை அமையும். தஞ்சாவூரின் அட்சரேகையில் (ஏறத்தாழ 10.8 டிகிரி வடக்கு) அது இரவு ஏழே முக்கால் மணியளவில் வடகிழக்கில் உதிக்கும், பத்து மணிக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 29 டிகிரி உயரும், அதிகாலை இரண்டு மணியளவில் வடக்கே 68 டிகிரி உயரத்தை எட்டும், நான்கு மணிக்கு 56 டிகிரியாக இறங்கியிருக்கும். ஐந்து மணிக்கு மேல் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும்.

பெர்சீட், லியோனிட் போன்றவற்றுக்கு நள்ளிரவுக்குப் பின்னர்தான் விழித்திருக்க வேண்டும். ஜெமினிட் மட்டும் முன்னிரவிலேயே தொடங்கிவிடுகிறது. லியோனிட் ஓடை, பூமி ஓடும் திசைக்கு எதிரே வந்து விநாடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது. பூமி ஓடும் திசையை நோக்கிய முன்பக்கத்துக்கு நம் ஊர் திரும்பி வருவது நள்ளிரவுக்குப் பிறகே. ஜெமினிட் துகள்கள் பக்கவாட்டில் வந்து சேர்வதால் வேகம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். தோற்றப் புள்ளியும் சீக்கிரமே எழுந்துவிடுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை ஒன்பதரை முதல் பத்தரை வரை உட்காரவைத்து அனுப்பிவிடலாம். அந்த நேரத்தில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், தாழ்வான தோற்றப் புள்ளியிலிருந்து வருபவை வளிமண்டலத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு நெடுந்தூரம் ஓடும். பார்ப்பதற்கு அவைதான் அழகு.

நான்காம் படி: இடமும் பாதுகாப்பும்

டெல்டாவின் பெரிய வசதி, மலையோ குன்றோ இல்லாத சமவெளி. நான்கு பக்கமும் அடிவானம் வரை தெரியும். கெடுப்பது வெளிச்சம்தான்: ஊராட்சித் தெருக்களிலும் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன, கோயில் கோபுரங்களுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் இரவெல்லாம் விளக்கு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்களில் வானம் எவ்வளவு இருட்டாக இருக்கக்கூடும் என்று எல்லோரும் பார்த்தோம். அந்த விலையில் அந்த இருட்டு யாருக்கும் வேண்டாம். சாதாரண நாளில், தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மொட்டை மாடியே போதுமானது. சற்று வெளியே போக முடிந்தவர்கள், அருகிலுள்ள நகரத்தின் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும்படி, நகரத்துக்கு வடக்கிலோ கிழக்கிலோ இடம் பார்க்கலாம். தரங்கம்பாடி முதல் பூம்புகார் வரையிலான கடற்கரையில் கிழக்குப் பக்கம் முழு இருட்டு கிடைக்கும். மழைக்காலக் கடல் என்பதால் அலையிலிருந்து தள்ளியே உட்கார வேண்டும். வேதாரண்யத்தின் உப்பளப் பகுதியும் திறந்தவெளிதான். கோடியக்கரை சரணாலயப் பகுதிக்குள் இரவில் தங்க வனத்துறையின் அனுமதி தேவை.

வயலுக்குப் போவதைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த நாட்களில் சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும், வரப்பு வழுக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது அதன் வழக்கம். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது என்பதால் கடிபட்டதே தெரியாமல் போகலாம். ஆகவே பாயை விரித்துத் தரையில் படுக்கவே கூடாது. கயிற்றுக்கட்டிலோ சாய்வு நாற்காலியோ வேண்டும். நடக்கும்போது காலில் மூடிய செருப்பும் கையில் டார்ச்சும் வேண்டும். காட்டுப்பன்றிக்காகவும் எலிக்காகவும் சட்டவிரோதமாக மின்கம்பி கட்டும் வழக்கம் சில இடங்களில் இருப்பதால், அடுத்தவர் வயலுக்குள் இருட்டில் இறங்க வேண்டாம். களத்துமேடு, சாலையோரக் கல்வெர்ட்டு, மாடி ஆகியவையே ஏற்றவை.

ஐந்தாம் படி: கண்ணைப் பழக்குதல்

இருட்டில் உட்கார்ந்து இருபது முதல் முப்பது நிமிடம் கழித்தே கண் முழுத்திறனைப் பெறும். அதற்கிடையில் செல்போனை ஒருமுறை பார்த்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். பனி இறங்கும், கொசுவும் கடிக்கும். போர்வையும் கொசுவிரட்டியும் வேண்டும்.

தோற்றப் புள்ளியையே வெறித்துப் பார்ப்பது பயனற்றது. அதன் அருகே தோன்றுபவை நம்மை நோக்கி வருவதால் குட்டையாக இருக்கும். அதிலிருந்து 40, 50 டிகிரி தள்ளி, திருவாதிரை பக்கமோ தலைக்கு நேர் மேலேயோ பார்வையைத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: பின்னோக்கி நீட்டிப் பார்த்தல்

என் கருத்தில் முழு முயற்சியின் உயிர்நாடி இதுதான். ஒரு கீற்று தோன்றி மறைந்ததும், அது எந்த நட்சத்திரத்துக்கு அருகே தொடங்கி எங்கே முடிந்தது என்று நினைவில் வைத்து, கையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அந்தப் பாதையின் மேல் பொருத்துங்கள். நூலைப் பின்புறமாக நீட்டினால் காஸ்டர் பக்கம் போகிறதா? எடுத்துக்காட்டாக, இரவு பத்தரை மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ உச்சியில் இருக்கும். அதற்குக் கிழக்கே பிறந்து, அதைக் கடந்து மேற்கே ஓடி, அரை விநாடிக்கு மேல் நின்று நிதானமாகப் போன வெள்ளைக் கீற்று ஒன்று வந்தால், நூலின் கிழக்கு முனை வடகிழக்கில் உள்ள புனர்பூச இரட்டையைத் தொடும். அது ஜெமினிட். அதே இடத்தில் தெற்கிலிருந்து வடக்கே கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்தது வேறொன்று; அதைத் தனிக்கணக்கில் எழுத வேண்டும்.

துகள்கள் எல்லாம் இணையான பாதைகளில் வருவதாலேயே அவை ஒரு புள்ளியிலிருந்து விரிவதுபோல் தோன்றுகின்றன. நீண்ட தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரு கம்பிகளும் தொலைவில் ஒன்று சேர்வது போலத்தான். அந்தப் புள்ளி ஓடை வரும் திசையைச் சொல்கிறது. திசையோடு வேகமும் தெரிந்துவிட்டால் சூரியனைச் சுற்றிய முழுப்பாதையையும் கணிக்கலாம். இரண்டு இடங்களில் கேமரா வைத்து ஒரே எரிநட்சத்திரத்தைப் படம் பிடித்து விப்பிளும் பிறரும் ஜெமினிட் பாதையை முன்கூட்டியே கணித்து வைத்திருந்ததால்தான், 1983-இல் புதுச் சிறுகோளைப் பார்த்தவுடன் பொருத்தம் தெரிந்தது. மாடியில் நூல் பிடிப்பவர் செய்வது அந்தக் கணிப்பின் முதல் பாதி.

ஏழாம் படி: எண்ணுதலும் கணக்கிடுதலும்

வானத்தின் இருட்டை முதலில் அளக்க வேண்டும். இதற்கு ஒளியளவு என்ற எண் பயன்படுகிறது; எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கலானது என்று பொருள். எளிய வழி கார்த்திகைக் கூட்டம். நேராகப் பார்த்து ஆறு நட்சத்திரம் மட்டும் பிரிந்து தெரிந்தால், உங்கள் கண்ணுக்கு எட்டும் எல்லை ஒளியளவு 4.3 என்ற அளவில் உள்ளது. எட்டு தெரிந்தால் 5.5-ஐ நெருங்குகிறது. இது தோராயமான அளவுதான். கூட்டத்தில் பிரித்தறிவது சிலருக்கு எளிதன்று.

பிறகு ஒரு மணி நேரம் கண்ணை எடுக்காமல் எண்ண வேண்டும். குறிப்பேட்டில் எழுதக் குனிந்தால் அந்த நேரத்தில் வருவது தவறிவிடும். செல்போனின் திரையை அணைத்துவிட்டுக் குரல்பதிவை ஓடவிட்டு, "ஜெமினிட், இரண்டு", "வேறு, நான்கு" என்று வகையையும் ஒளியளவையும் வாயால் சொல்லிக்கொண்டே போவது நல்ல முறை. இருவர் சேர்ந்து பார்த்தால் இருவரின் எண்ணிக்கையையும் கூட்டக் கூடாது. தனித்தனியாகவே வைக்க வேண்டும்.

ஜெமினிட் பொழிவுக்கு மணிக்கு 150 என்ற எண்ணைச் செய்திகளில் படித்துவிட்டு ஏமாறுவோர் பலர். அந்த எண், தோற்றப் புள்ளி நேர் உச்சியிலும், வானம் 6.5 ஒளியளவு வரை தெரியும் இருட்டிலும் இருந்தால் கிடைக்கக்கூடியது. நம் ஊருக்கு மாற்ற, அதைத் தோற்றப் புள்ளி உயரத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, இருட்டு ஓர் ஒளியளவு குறைவதற்கு 2.6 வீதம் வகுக்க வேண்டும். எல்லை 5.5 உள்ள கிராமத்தில் அதிகாலை இரண்டு மணிக்கு 150-ஐ 0.93-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 54. அதே கிராமத்தில் இரவு பத்து மணிக்கு 28. எல்லை 4.5 ஆகிவிட்ட நகர மாடியில் 2.6-ஆல் இருமுறை வகுக்க வேண்டியிருப்பதால் இரண்டு மணிக்கே ஏறத்தாழ 20-தான். மணிக்கு இருபது என்பதே நல்ல காட்சி. மேலும், நகரத்தை விட்டுப் பத்து கிலோமீட்டர் வெளியே போவதால் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

திருப்பிப் போட்டால் உங்கள் எண்ணிக்கையிலிருந்து பொழிவின் வலிமையைக் காணலாம். ஒன்றரை முதல் இரண்டரை வரை 45 பார்த்து, அவற்றுள் 6 வேறு வகை என்று வைத்துக்கொள்வோம். மீதம் 39, எல்லை 5.5 என்றால் 39-ஐ 2.6-ஆல் பெருக்கி 0.93-ஆல் வகுக்க, ஏறத்தாழ 109 வரும். மேகம் வானத்தின் ஒரு பகுதியை மறைத்திருந்தால் அதன் விழுக்காட்டையும் குறித்து வைக்க வேண்டும். பாதிக்குமேல் மூடியிருந்தால் அந்த மணியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

எட்டாம் படி: படம் பிடித்தல்

கைவசம் உள்ள செல்போனில் புரோ முறை இருந்தால், முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. 1600, திறப்பு நேரம் 20 முதல் 30 விநாடி என்று அமைத்து, தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நூறு படத்தில் ஒன்றிரண்டு தேறலாம். டெல்டாவின் ஈரக்காற்றில் லென்ஸில் பனி படிவதுதான் பெரிய தொல்லை; கால் மணிக்கு ஒருமுறை மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணுபவரே படமும் பிடிக்க முயன்றால் இரண்டும் கெடும்.

ஒன்பதாம் படி: மழை கெடுத்துவிட்டால்

ஜெமினிட் இரவுகள் நான்கும் மூடிப்போனால், ஜனவரி 3, 4 தேதிகளில் குவாட்ரான்டிட் பொழிவு இருக்கிறது. அதன் தாயாகக் கருதப்படுவதும் சிறுகோள் போலத் தோன்றும் ஒரு பொருளே: 2003 இ.எச்.1. அதைப் பொழிவோடு இணைத்தவர் விண்ணியலாளர் பீட்டர் ஜெனிஸ்கென்ஸ். ஆனால் இதன் தோற்றப் புள்ளி வடக்கே மிகவும் தள்ளியிருப்பதால், நம் ஊரில் அதிகாலை ஒன்றே முக்காலுக்கு மேல்தான் உதித்து, விடியும் வரையிலும் 36 டிகிரிக்கு மேல் ஏறாது. உச்சமும் சில மணி நேரமே நீடிக்கும். மார்கழிப் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஜெமினிட்டுக்கு இது ஈடாகாது.

பத்தாம் படி: பதிவை அனுப்புதல்

1988-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு எரிகல் அமைப்பு, உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் கண்பார்வைப் பதிவுகளை இணையப் படிவம் வழியாகப் பெற்றுக்கொள்கிறது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடையில் எடுத்த ஓய்வு, எல்லை ஒளியளவு, மேக விழுக்காடு, ஜெமினிட் எண்ணிக்கை, மற்றவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை நிரப்ப வேண்டும். எல்லா நேரங்களையும் உலக நேரத்தில் தர வேண்டும் என்பதால் இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து எழுதுங்கள்: டிசம்பர் 15 அதிகாலை 1.30 முதல் 2.30 வரை பார்த்தது, படிவத்தில் டிசம்பர் 14, 20.00 முதல் 21.00 வரை என்று பதிவாகும். தேதி மாறுவதைக் கவனிக்காமல் விட்டால், அந்த எண்ணிக்கை ஒருநாள் தள்ளிப்போய், உச்சத்துக்குப் பின் பொழிவு குறைந்து வரும் வேகத்தைத் தவறாகக் காட்டிவிடும்.